கல்யாண ஊற்றைத் திறந்த நாள்

செய்தித்தாளில் 'நிபுணர் குழு யோசனை' என்று எங்கே கண்டாலும் எழுத்துக் கூட்டியாவது கடைசிவரை படித்துவிடுவேன். குழு போனது, பார்த்தது, ஆராய்ந்தது, இன்னது செய்யலாம் என்று சர்க்காருக்குச் சொன்னது என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். எல்லாம் சரி. போன இடத்தில் அவர்களுக்கு எந்தச் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று மட்டும் ஒருத்தரும் எழுதுவதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் இல்லையென்று அய்யா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்துவிட்டார். குழு என்றால் என்ன, அறிக்கை என்றால் என்ன என்று படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. ஆனால், படித்த பெரியவர்கள் ஓர் ஊருக்கு வந்து எப்படி ஏமாந்து திரும்புவார்கள் என்பதைத் தென்னந்தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தவள்.

பிறந்தது திருவாடானைப் பக்கம். கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். நிறையாத வருஷத்திலும் ஊருணியில் குடிக்கத் தண்ணீர் கிடக்கும். வாக்கப்பட்டதோ தொண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். மணல்மேடும் பனையும்தான். கிணறு வெட்டினால் உப்பு. மணலை இடுப்பளவுக்குத் தோண்டி, ஓரம் சரியாமல் பனைமட்டை கொடுத்து, ஊறி வருகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் கோதிக் குடத்தில் ஊற்ற வேண்டும். அதைத்தான் ஊற்று என்பார்கள். மழை பெய்து முடிந்த கொஞ்ச காலத்துக்கு அதை வாயில் வைக்கலாம். மாசி தாண்டினால் கரிக்கத் தொடங்கிவிடும். சித்திரையில் பக்கத்து ஊர் ஊருணிக்கு நடக்க வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் படியில் உட்கார்ந்துகொண்டு, "வந்துட்டாளுக, கடலைக் குடிச்சுட்டு மிச்சத்துக்கு இங்கன வந்துட்டாளுக" என்பார்கள். காதில் விழாத மாதிரி குடத்தை முக்கிக்கொண்டு வருவோம்.

அம்மன் கோயிலுக்குப் பின்னால் மேட்டின் உச்சியில் ஓர் ஊற்று மட்டும் தனியாக இருந்தது. அதை ஓலை போட்டு மூடி, மேலே மணலைத் தள்ளி, முள்ளும் வைத்திருப்பார்கள். வருஷமெல்லாம் மூடியே கிடப்பதால் அதில் தண்ணீர் இனித்துக் கிடக்கும். திறந்து இறைத்தால் ஒரு பொழுதுக்குத்தான் அந்த இனிப்பு. மறுநாள் அதுவும் கரிக்கும். அதற்குக் கல்யாண ஊற்று என்று பேர். ஊரில் கல்யாணம் என்றாலோ, பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்றாலோ, ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் சொல்லித் திறப்பார்கள். வந்தவர்கள் வெண்கலச் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, "தண்ணி நல்லாருக்கே" என்பார்கள். உடனே அங்கே நிற்கிற அத்தனை ஆம்பளைகளும் ஒரே குரலில், "எங்க ஊருத் தண்ணி!" என்பார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. உப்புத் தண்ணீர் ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

என் அய்யாவும் அந்தச் செம்பில் குடித்தவர்தான். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஊருணி தோத்துப் போகும்த்தா" என்று வீட்டில் வந்து சொன்னார். நானும் சந்தோஷமாக வாக்கப்பட்டேன். முதல் வாரம் பருப்பு வேகவில்லை. நான் விறகைக் குறை சொன்னேன். அத்தை, அதாவது என் மாமியார், அடுப்படி வாசலில் நின்று சிரித்தார்.

"விறகு என்னடி பண்ணும்? தண்ணி அப்படி."

"அய்யா குடிச்சாருல்ல, நல்லாருக்குன்னு சொன்னாரே அத்த?"

"எங்கய்யாவுந்தான் குடிச்சாரு" என்று சொல்லிவிட்டு அவர் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து யார் எதைச் செம்பில் நீட்டினாலும் நுனி நாக்கில் வைத்துப் பார்க்காமல் நான் குடித்ததில்லை. அதற்கு முன்னாலேயே பயந்த சுபாவம்தான். அடுப்பு அணைந்ததா, கதவு சாத்தினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள். அதற்கு மேல் இந்தச் சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

இரண்டாம் வருஷக் கோடையில், பக்கத்து ஊர் ஊருணியிலிருந்து குடம் தூக்கி வந்த வழியிலேயே எனக்கு ஒரு பிள்ளை தங்காமல் போயிற்று. மருத்துவச்சி வெந்நீர் வைக்கச் சொல்லி, எல்லாம் முடிந்த பிறகு அத்தையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அடுத்தது தங்கணும்னா இவ இடுப்புல குடம் ஏறக் கூடாது." இடுப்பில் குடம் ஏறாத பொம்பளை அந்த ஊரில் ஏது?

மறுபடி எனக்கு நாள் தள்ளிப் போயிருந்த சமயத்தில்தான் குழு வரப்போகிற சேதி வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷம் ஆகியிருந்தது. எதற்கெடுத்தாலும் சர்க்கார் ஒரு குழு போடுகிற காலம். மதராஸிலிருந்து, தண்ணீர் பற்றிப் படித்த பெரியவர்கள் கடற்கரை ஊர்களையெல்லாம் பார்க்க வருகிறார்கள். எந்த ஊருக்கு ஊருணி வெட்ட வேண்டும், எந்த ஊருக்குத் தேவையில்லை என்று சர்க்காருக்கு யோசனை சொல்வார்கள் என்று அம்பலகாரர் கோயிலடியில் வைத்துச் சொன்னார்.

"யோசனை சொல்றதுக்கா ஜீப்பு வச்சு வாராக?" என்றார் ஒருத்தர்.

"தண்ணிக்குத் தீர்வை போட வாராகப்பா. இனிமே குடத்துக்கு இம்புட்டுன்னு கட்டணும்."

"அதெல்லாம் இல்ல. உப்பளத்துக்கு எடம் பாக்க வாராக. கருவாட்டுக் கூடைக்குக் காவல் இருக்க நாலு பூனை சேந்து வந்த கதைதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்பலகாரர் சிரிக்கவில்லை. "யாரா இருந்தா என்ன, நம்ம ஊரைத் தேடி வாராக. மரியாதையில ஒரு கொறையும் இருக்கக் கூடாது. கல்யாண ஊத்தத் தெறந்துருவோம்" என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். ஊருக்கெல்லாம் வருகிறவர்கள் மேல் சந்தேகம், எனக்கு எங்கள் ஊர் மேல்.

இதற்கு மேலே இன்னொன்று. கொழுந்தனுக்கு ஒரு இடத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் சர்க்கார் ஜீப் ஓட்டுகிறவர். குழுவை ஏற்றிக்கொண்டு வரப்போவது அவர்தான் என்று தெரிந்ததும் அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. "சம்பந்தி ஜீப்புல வாராரு, ஜீப்புல வாராரு" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

சோறு போடும்போது என் வீட்டுக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏங்க, வாரவுகளுக்கு நம்ம தண்ணியையே குடுக்கச் சொல்லுங்க."

"எந்த நம்ம தண்ணி?"

"நாம குடிக்கிறது."

கையை உதறினார். "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? மதராஸ்லருந்து வாரவுகளுக்குக் கரிச்ச தண்ணியவா நீட்டுறது?"

"கரிச்சாத்தானே ஊருணி வெட்டச் சொல்லுவாக?"

"அவுக படிச்சவுக. நாம ஒண்ணு குடுத்தா அவுக மனசு குளுந்து ஒண்ணு குடுப்பாக. வாரவுக மூஞ்சியச் சுளிக்க வச்சு அனுப்பினா என்ன குடுப்பாக? அதோட பொண்ணோட தகப்பனாரு கூட வாராரு. மொதல்ல தம்பி கலியாணம் முடியட்டும்."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா அவளும் ஒன்னோட சேந்து தூக்குவா. ஒனக்கு ஒத்தாசைதானே?" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றச் சொன்னார். கேலியாகத்தான் சொன்னார். எனக்கு, முகம் தெரியாத அந்தப் பெண் செம்பைப் பார்த்து நிற்பதுபோல இருந்தது.

குழு வந்தது. கோயிலடியில் தென்னந்தட்டி கட்டிப் பந்தல் போட்டிருந்தோம். தலைவர் வயசான பேராசிரியர், வெள்ளை வேட்டி, கையில் மடித்த வரைபடம். தொப்பி போட்ட இன்ஜினீயர் ஒருவர். மூன்றாவது ஆள் சின்ன வயசு, கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய மரப்பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்தார். ஊரில் அவருக்குப் புட்டிக்காரர் என்றே பேர் விழுந்துவிட்டது. பொம்பளைகள் நாங்கள் தட்டிக்குப் பின்னால்.

பேராசிரியர் நிறையக் கேட்டார். மழை எந்த மாசம் வருகிறது, காற்று எந்தப் பக்கம், மேடு முன்பைவிட நகர்ந்திருக்கிறதா என்றெல்லாம். நல்ல மனுஷர் என்றே தோன்றியது. ஆனால் கேட்டதெல்லாம் ஆம்பளைகளை. தண்ணீருக்குப் போகாதவர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் என்ன வரும்? சொன்னார்கள், கூசாமல் சொன்னார்கள். குடத்தில் இருக்கிற நல்ல தண்ணீரில் முதல் செம்பு எப்போதும் அவர்களுக்குத்தானே போகும்?

அப்புறம் அம்பலகாரர் தன் கையால் செம்பை நீட்டினார். பேராசிரியர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

"இந்தக் கரையில் இவ்வளவு நல்ல தண்ணீரா?"

"எங்க ஊருத் தண்ணி எசமான்!"

ஒரே குரல். என் வீட்டுக்காரர் குரலும் அதில் இருந்தது. யாரும் யோசித்துச் சொல்லவில்லை. தும்மினால் 'நூறு வயசு' என்று சொல்கிற மாதிரி, செம்பு கைமாறினால் அந்தச் சொல் தானாக வந்துவிடும். பேராசிரியர் இன்ஜினீயர் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். புட்டிக்காரர் எழுந்து, "எங்கிருந்து எடுத்தீர்கள், காட்டுங்கள்" என்றார். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி முன்னும் பின்னும் ஆள் நடக்க, அவரைக் கல்யாண ஊற்றுக்குக் கூட்டிப் போனார்கள். ஊற்றைச் சுற்றிப் புது ஓலை விரித்து, பக்கத்தில் மஞ்சள் பூசிய குடம் வைத்திருந்தார்கள். அவர் குனிந்து புட்டியை நிரப்பி, தக்கை வைத்து, காகிதம் ஒட்டினார். எனக்கு அய்யா துண்டால் வாய் துடைத்தது ஞாபகம் வந்தது. முடிந்தது, எங்கள் ஊருக்கு ஊருணி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கை தானாக வயிற்றில் போய் நின்றது.

அப்போதுதான் டிரைவர் தட்டிக்குப் பின்னால் வந்தார். கையில் தகரக் கேன். நெற்றியில் திருநீறு, காக்கிச் சட்டை. இவர்தான் பெண்ணின் தகப்பனார் என்று அத்தை என் தோளில் இடித்தார்.

"வண்டி கொதிக்குது தாயி. கொஞ்சம் தண்ணி வேணும்."

அத்தை கல்யாண ஊற்றுக் குடத்தைக் கண்ணால் காட்டினார். என் காலடியில் ரெண்டு குடமும் இருந்தன. ஒன்று வந்தவர்களுக்கு, ஒன்று பாத்திரம் கழுவவும் நாங்கள் குடிக்கவும். தைரியம் வந்து செய்தேன் என்று சொன்னால் பொய். இரண்டாவது குடத்தைச் சாய்த்தேன்.

டிரைவர் கேனை மூடவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தார். வண்டிக்காரர்களுக்கு அது பழக்கமாம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜினுக்குள் அரித்துவிடும். முகம் சுருங்கியது.

"இது என்ன தண்ணி?"

"நாங்க குடிக்கிறது."

"அப்ப அங்கன பந்தல்ல குடிச்சது?"

"அது ஒங்களுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை சட்டென்று நல்ல குடத்தைத் தூக்கிக்கொண்டு, "அய்யய்ய, தெரியாமக் குடுத்துட்டா சம்பந்தி. வண்டிக்கு இதை ஊத்துங்க" என்று ஓடினார்.

"வண்டிக்கு நல்ல தண்ணி. மருமகளுக்கு உப்புத் தண்ணியா ஆத்தா?" என்று சிரித்தார் டிரைவர். சிரிப்பு மாதிரி இருந்தது, சிரிப்பு இல்லை.

வண்டிக்கு வேறு கேனில் வாங்கிக்கொண்டார். நான் ஊற்றியதைக் கீழே கொட்டவில்லை. புட்டிக்காரரிடம் கொண்டுபோய் ஏதோ சொன்னார். புட்டிக்காரர் தட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து இன்னொரு புட்டியை எடுத்தார். அதற்குள் ஜீப்பைச் சுற்றிக் கூட்டம். அம்பலகாரர் நுங்குக் குலையை ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

ஜீப் போனதும் அத்தை கேட்டார். "வேணும்னுதானே பண்ணுன?"

"கேட்டாரு, குடுத்தேன்."

"எம்மகனுக்கு ஒரு பொண்ணு வந்து வாழுறது ஒனக்குப் பொறுக்கல."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை, தானே மொண்டு குடித்தார். டிரைவர் பக்கத்திலிருந்து சேதியே இல்லை. எனக்கு ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. புட்டி வழியில் உடைந்திருக்குமோ? காகிதம் மாறி ஒட்டியிருப்பார்களோ? பேராசிரியர் தன் நாக்கை நம்புவாரா, ஒரு டிரைவர் கொண்டுவந்த புட்டியை நம்புவாரா? அந்தக் கவலையிலும் ஒன்று நடந்தது. அத்தை என்னோடு பேசாமலே, காலையில் என் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கினார். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போவார், திட்டிக்கொண்டே வருவார். ஒரு நாளும் குடத்தை மட்டும் என்னிடம் விடவில்லை.

ஒரு மத்தியானம் டிரைவர் தொண்டி பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தார். காக்கி இல்லாமல், வேட்டி சட்டையில். பாயில் உட்கார்ந்தார். அத்தை செம்பை நீட்டினார். அவர் வாங்கிக் கீழே வைத்துவிட்டார், குடிக்கவில்லை.

"ரெண்டு புட்டியும் ஒங்க ஊரு பேருலதான் போயிருக்கு" என்றார். "ஒண்ணு எளநி, இன்னொண்ணு உப்பு. ஒரே ஊருல இது எப்படின்னு பெரியவுக உக்காந்து மண்டையப் பிச்சுக்கிட்டு இருந்தாக. பேராசிரியரு தண்ணி நல்லாருந்துச்சுன்னு சொல்றாரு. புட்டிக்காரப் பையன் இல்லைங்கிறான். கடைசியில இந்த ஊரை மறுபடி பாக்கணும்னு எழுதிட்டாக."

"மறுபடியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மறுபடிதான். அவுகளுக்கு என்ன, பாத்துக்கிட்டே இருப்பாக. நான் சொல்ல வந்தது வேற." டிரைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊருணி வெட்டட்டும், எம்மகளைத் தாரேன். வெட்டலையா, கல்யாண ஊத்தக் காட்டி வேற எடத்துல பொண்ணு எடுத்துக்கங்க."

அந்தப் பேரை அவருக்கு யார் சொன்னார்கள் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சத்தியமாக நான் சொல்லவில்லை. இன்றுவரை யாரென்று தெரியாது. அத்தையாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் உண்டு.

அதற்குப் பிறகு ஊர் அப்படியே தலைகீழாகத் திரும்பிற்று. கொழுந்தன் ஒருத்தன் மட்டுமா, கல்யாணத்துக்கு நிற்கிற பையன்கள் எல்லார் வீட்டிலும் டிரைவர் பேச்சு பரவிவிட்டது. மூடின ஊற்றைத் திறக்கவே கூடாது என்று அம்பலகாரர் உத்தரவு போட்டார். அதோடு விட்டிருந்தால் சரி. அவர்கள் மறுபடி வருகிற அன்று என் வீட்டுக்காரர் வந்து காதோடு சொன்னார். "இந்தத் தடவை அசர மாட்டோம். ஊர் ஊத்துல காலையிலயே ரெண்டு குடம் கடல் தண்ணியக் கலந்து வச்சிருக்கோம்."

"எதுக்குங்க? அதுதான் கரிக்கிதே?"

"பத்தாது பிள்ள. அவுக கண்ணுல தண்ணி வரணும்."

"கண்டுபுடிச்சுட்டா?"

"தண்ணியில பேரா எழுதியிருக்கு?"

இரண்டாம் தடவை புட்டிக்காரர் மட்டும்தான் வந்தார். பந்தல் இல்லை, நுங்கு இல்லை, எல்லார் முகத்திலும் இழவு வீட்டுக் களை. ஊற்றில் கோதி ஒரு வாய் வைத்தார். உடனே துப்பினார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மணலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போன தடவை இளநீர். இந்தத் தடவை கடல். நீங்கள் குடித்து உயிரோடு இருக்கிறது எந்தத் தண்ணீர் ஐயா?"

அம்பலகாரர் தொண்டையைச் செருமினார். எனக்கு அழுகை வந்தது. போச்சு, இனிமேல் நிஜத்தைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இரண்டு தடவை பொய் ஊற்றிக் கொடுத்த ஊருக்கு யார் என்ன யோசனை சொல்வார்கள்?

பொம்பளைகள் கூட்டத்திலிருந்து அத்தை முன்னால் போனார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"அவுகளக் கேட்டா எப்புடிய்யா தெரியும்? அவுக என்னைக்குக் குடம் தூக்கினாக? எங்களக் கேளு. விடியக் காலையில வா. நாங்க போற எடமெல்லாம் வா. எது நல்லது, எது கெட்டதுன்னு ஒன் நாக்குக்கே தெரியும்."

"ஏ, நீ சும்மா கெட" என்றார் அம்பலகாரர்.

"சும்மா கெடந்துதான் எம்மருமக வயிறு சும்மாப் போச்சு" என்றார் அத்தை. திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை.

அன்று புட்டிக்காரர் பள்ளிக்கூடத்தில் தங்கினார். விடிந்ததும் எங்களோடு வந்தார். கடல் தண்ணீர் கலந்த ஊற்றை விட்டுவிட்டு, மற்ற ஊற்று ஒவ்வொன்றிலும் நாங்கள் கோதிய பிறகு புட்டியில் எடுத்தார். கல்யாண ஊற்றையும் தானே முள்ளை விலக்கிப் பார்த்தார். வெயில் ஏறியதும் பக்கத்து ஊர் ஊருணிக்கு எங்களோடு நடந்தார். மணலில் செருப்பு மாட்டிக்கொண்டு ரெண்டு தடவை விழப் பார்த்தார். அந்த ஊர்ப் பெண்கள் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். "இந்தத் தடவை தொணைக்கு ஒரு ஆம்பளையும் கூட்டிட்டு வந்துட்டாளுக!" அவர் காது சிவந்தது. அதையும் அவர் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது நான் அவர் பின்னால் நடந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க சொன்னா வெட்டுவாகளா?"

"நான் சொல்வதைக் குழு கேட்கும். குழு சொல்வதைச் சர்க்கார் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். எங்கள் வேலை யோசனை சொல்வதோடு சரி அம்மா."

"கேக்காமப் போனா?"

மணலில் புதைந்த செருப்பை உருவிக்கொண்டார். "மறுபடி சொல்வோம்."

இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. தெரிந்தவன் கையில் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவன் இந்த மணலில் நடக்கப் போவதில்லை. ஆனால் 'கட்டாயம் வெட்டுவார்கள் அம்மா' என்று அவர் இனிப்பாகச் சொல்லியிருந்தால் நான் ஒரு சொல்லும் நம்பியிருக்க மாட்டேன். அவர் பதில் கரித்தது. அதனால் கொஞ்சம் நம்பினேன்.

வயிறு தெரியத் தொடங்கியதும் அய்யா வந்து என்னைத் திருவாடானைப் பக்கம் கூட்டிப் போய்விட்டார். பிள்ளை அங்கேதான் பிறந்தது. பெண் பிள்ளை, சுகமாகவே பிறந்தது. "ஊருணி வெட்டாம அந்த ஊருக்கு அனுப்ப மாட்டேன்" என்று அய்யா தீர்மானமாகச் சொன்னார். ஊரிலிருந்து வருகிறவர்கள் அவ்வப்போது சேதி கொண்டுவந்தார்கள். குழு யோசனை சொல்லிவிட்டதாம். மேட்டுக்கு மேற்கே, களிமண் தொடங்குகிற இடத்தில் மழைத்தண்ணீர் வந்து சேரும்படி வெட்டச் சொல்லியிருக்கிறார்களாம். ஆழம் போகக் கூடாது, அகலமாக வெட்ட வேண்டுமாம். ஆழம் போனால் அடியிலிருந்து உப்பு ஏறுமாம். "அகலமா வெட்டுனா யாரு நெலம் போகும்? இதுல என்னமோ இருக்கு" என்று ஊரில் ஒரு கட்சி கிளம்பியதாம். பிறகு சேதியே இல்லை. காகிதம் எந்த மேஜையில் கிடந்ததோ. மழை பொய்த்து ஜில்லாவில் கூலி வேலை கொடுக்க வேண்டி வந்த வருஷத்தில்தான், அந்த யோசனையை யாரோ தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். மண்வெட்டி விழுந்தது. ஊருணியில் முதல் மழைத்தண்ணீர் தேங்கி நின்ற பிறகு டிரைவர் தன் மகளைக் கொடுத்தார். அதுவரை அத்தை வேறு இடத்தில் பெண் தேடவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

அய்யா எங்களைக் கொண்டுவந்து விட்டார். பிள்ளை அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தது. வாசலில் புது மருமகள், டிரைவர் மகள், என் குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அத்தை அதே வெண்கலச் செம்பை அய்யாவிடம் நீட்டினார்.

"குடிங்க சம்பந்தி. எங்க ஊருத் தண்ணி."

அய்யா செம்பை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அத்தையைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

நான் அவர் கையிலிருந்து செம்பை வாங்கி, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அத்தை முகம் கறுத்தது. பரவாயில்லை என்று இன்னொரு வாய் குடித்தேன். மண் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கரிப்பு இல்லை.

"நெசமாத்தானா?" என்றார் அய்யா.

"நெசந்தான் அய்யா. கோடை வரட்டும், பாப்போம். இப்போதைக்கு நெசம்."

அவர் அண்ணாந்து குடித்தார். இந்தத் தடவை நல்லாருக்கு என்று சொல்லவில்லை. செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, பேத்திக்கும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார்.